சீதனக் காரும் சிவப்புக் காரும்

எனக்குச் சீதனமாக வந்தது ஒரு ரேஸ் கார். மற்றப் பெண்களுக்கு நகை வரும், காணி வரும், கொடுத்துவைத்தவளுக்குக் கண்டி டவுனில் ஒரு கடையே வரும். எனக்கு வந்தது இத்தாலியில் செய்து, கப்பலில் இலங்கைக்கு இறங்கி, மடுல்கெல்லத் தேயிலைக்குள் ஓடித் திரிந்த ஒரு நீலக் கார். கூரை கிடையாது. பின் சீட் கிடையாது. சாமான் வைக்க எங்கே இடம் என்று பார்த்தால் ஒரு தேங்காய் வைக்கலாம். அதையும் உரித்துத்தான் வைக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து புகுந்த வீட்டுக்கு அதில்தான் போனோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வரும்போது மழை பிடித்தது. கூறைப் புடவையோடு நான் நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தேன். என் கணவர், அதாவது அன்று காலையில்தான் எனக்குக் கணவரானவர், பக்கத்தில் திரும்பி, எஞ்சின் சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். தலையில் வைத்த பூவெல்லாம் கழுத்தில் ஒழுக, நல்லாத்தான் இருக்கு என்று சொன்னேன். அன்றைக்கே இறங்கி நடந்திருக்க வேண்டும். புத்தி வேண்டுமே!

இந்தக் கார் எங்களுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா லொறி வைத்திருந்தவர். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்குவதுதான் தொழில். அங்கே பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் இருந்தார்கள். ஒரு துரை இத்தாலியிலிருந்து நீல ரேஸ் காரை எடுப்பித்தார். மற்றத் துரைக்கு வயிறு எரிந்து, அதே கம்பனியிடமிருந்து சிவப்பை எடுப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் தோட்டத்து ரோட்டில் போட்டி போடுவார்கள், கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். பிறகு தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரைமார் கப்பலேறினார்கள். கார்கள் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தன. மூட்டை ஏற்ற முடியாத வாகனம் யாருக்கு வேண்டும்? இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, கொண்டுபோய்விடு என்று புது மனேஜர் அப்பாவிடம் சொல்ல, அப்பா தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் இரண்டையும் ஏற்றி வத்தேகமையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கம்பனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே எங்கள் வாசலில் ஆள் நிற்பார்கள். ஒருவர் வந்ததே போதும், அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குக் கூடப் பிறந்தவன் ஒரே அண்ணன். நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீலக் காரில்தான் போய் உட்காருவான். வாயாலேயே கியர் போடுவான், வாயாலேயே பிரேக் பிடிப்பான், வளைவில் எச்சில் தெறிக்கும். அந்தக் காரைத் தனக்குத்தான் தருவார் என்று அவன் நினைத்திருந்ததில் தப்பே இல்லை. ஆனால் என் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, நீலம் மகளுக்கு, சிவப்பு மகனுக்கு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, மாப்பிள்ளைக்குக் கால் நீளம், சிவப்பில் உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும் என்று பதில் சொன்னார். அது உண்மைதான். என் கணவர் நெட்டை, அண்ணன் குட்டை. ஆனால் ஆசைப்பட்ட சாமானை ஒருவனிடமிருந்து எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்கிறபோது காலின் நீளத்தையா காரணமாகச் சொல்வது?

அன்றைக்குத் தொடங்கியது. முப்பது வருஷத்துக்கு மேலாக என் வீட்டில் எது நல்ல கார் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. தீபாவளிக்கு அண்ணன் வருவான். பலகாரத்தட்டு கையில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். நீலம் பெரிய கார், தூர ஓட்டத்துக்கென்று செய்தது, பொனட்டைத் திறந்தால் எஞ்சின் சாமி மாதிரி இருக்கும் என்பார் என் கணவர். பொனட்டைத் திறந்து பார்க்கவா கார், சிவப்பு சின்னதாக இருந்தாலும் மலையேறுகிறபோது அதைப் பிடிக்க ஆள் இல்லை என்பான் அண்ணன். இவர் உடனே, ஏற்றத்தில் நீலம் இழுக்காததற்குப் பெற்றோலில் இருக்கிற கலப்படம்தான் காரணம் என்பார். முப்பது வருஷமாக நாட்டில் நல்ல பெற்றோல் ஒரு சொட்டுக்கூட வரவில்லையா என்று நான் சமையலறையிலிருந்து கேட்பேன். இரண்டு பேரும் சேர்ந்து, உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிவப்பில் ஏறினால் சேலை கிழியும். நீலத்தில் ஏறினால் கிழியாது, கறுப்பு ஒயில் படும். சிவப்பு தெருமுனையில் வரும்போதே ஊருக்குக் கேட்கும். நீலம் வாசலில் வந்து நின்ற பிறகும் இருமிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் குடை பிடிக்க முடியாது. பழைய கார் சேர்க்கிற ஒருவர் எழுதியிருந்தாலும் இதற்கு மேல் எழுதியிருக்கமாட்டார்.

ஆனால் அண்ணனுடைய பேச்சுக்குள் வேறொன்று இருந்தது எனக்குத் தெரியும். வாய் சிவப்பு சிவப்பு என்று சொல்லும், மனசு நீலத்தில் கிடக்கும். நல்லதை மகளுக்குக் கொடுத்து, கழிச்சதை மகனுக்குத் தள்ளிவிட்டார் அப்பா என்பதுதான் அவன் எண்ணம். அப்பா செத்த அன்றுகூட, அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கராஜில் நின்ற என் நீலக் காரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. என்ன செய்வது, கூடப் பிறந்த பிறப்பு.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த காலத்தில்தான் சனி பிடித்தது. தெருத்தெருவாக வரிசை நின்றதே, அந்தக் காலம். எங்கள் சாதாரணக் காருக்கு வரிசையில் இடம் பிடிக்க வேண்டியிருந்தபோது, முனிசிப்பல் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என் கணவர், நீலத்தையும் தள்ளிக்கொண்டுபோய் அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டார். அதற்கும் தாகமாக இருக்காதா என்றார். வரிசையில் நின்ற பையன்களுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. படம் எடுத்து எங்கெங்கோ போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி சுவிஸில் இருந்த ஒருவர் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதிலேயே போய் அங்கேயே நிலைத்தவர், பழைய இத்தாலி ரேஸ் கார் என்றால் வீட்டை விற்றும் வாங்குகிற பைத்தியம். எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்குச் சில காலம் பிடித்தது. பிறகு ஒருநாள் டெலிபோனில் கோல் எடுத்தார். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம், காரைப் பார்க்கலாமா, பிடித்தால் வாங்குவாராம்.

என் கணவர் அதை நெஞ்சுக்குள் வைத்திருக்கக்கூடாதா? உடனே வத்தேகமைக்குக் கோல் எடுத்து அண்ணனிடம் அளந்துவிட்டார். அண்ணன் அப்போது கனடாவுக்குப் புறப்படுகிற ஆயத்தத்தில் இருந்தான். அண்ணி கண்ணை மூடிய பிறகு தனியாகத்தான் இருந்தான், மகள் அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பேப்பரெல்லாம் சரிவந்துவிட்டது. இனித் திரும்பி வருகிற எண்ணமில்லை. அவன் அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு வந்தான். கண்டியில் முக்கால்வாசி வீடு மாதிரி எங்கள் வீடும் மேட்டில்தான். கராஜும் முற்றமும் கீழே ரோட்டோடு, சமையலும் சாப்பாடும் மேலே. அவன் முற்றத்திலேயே நின்றான். மேலே வா என்றேன். வரவில்லை.

"அந்த ஆளு வந்து ரெண்டையும் பாக்கட்டும், தங்கச்சி. படிச்ச மனுசன், பக்கம் பேசமாட்டாரு. நீலந்தான் நல்லதுன்னு அவரு வாயால சொல்லிட்டா, அப்பா எனக்கு வஞ்சகம் செஞ்சாருன்னு அர்த்தம். அப்புறம் நான் இந்தப் படி ஏறமாட்டேன். இப்படியே பிளேன் ஏறிடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கண் சிரிக்கவில்லை. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட உலகத்தில் இந்த ஒரு வாய்தான் மிச்சம். அது கனடாவில் போய் உட்கார்ந்துகொண்டு என்னோடு பேசாமல் செத்துப்போகுமா? ஒரு டப்பா காருக்காகவா? என் வாழ்க்கையில் அப்படி நான் பயந்ததில்லை.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? என் கார் தோற்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே பிள்ளையார் கோவிலுக்குப் போய், நீலக் கார் தோற்றால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காலையில்தான் என் கணவர் வந்து அதே கார் வெல்ல வேண்டும் என்று அர்ச்சனை செய்துவிட்டுப் போயிருக்கிறார். சாமியை ஏன் இப்படிக் கஷ்டப்படுத்துகிறீர்கள் என்று ஐயர் கேட்டார். சாமிக்கு இது புதிதில்லை, நீங்கள் தட்டைப் பிடியுங்கள் என்றேன்.

வீட்டிலும் என் வேலையைத் தொடங்கினேன். இவருக்கு நீலத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஆசை. அடித்தால் அழகாகிவிடுமே! பெயின்ட் வாசம் எனக்கு மூச்சை அடைக்கும் என்று தடுத்தேன். கிழிந்த சீட்டுக்கு உறை தைக்கக் கொடுக்கப்போனார், தையல்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன். துருப்பிடித்த மூலைகளை உரசப்போனார், உரசினால் ஓட்டை விழும் என்று பயமுறுத்தினேன். மனுஷன் கடைசியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு ஸ்டியரிங்கை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வத்தேகமையில் அண்ணன் சிவப்புக்கு மூன்றாவது தடவையாகப் பெயின்ட் அடிப்பித்தான். எனக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம்.

சுவிஸ்காரர் வந்த நாள் நல்ல வெயில். அண்ணன் சிவப்பை ஓட்டிக்கொண்டு வந்து நீலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கண் கூசியது. அவ்வளவு மினுக்கம். லொறிக்கு எழுதுகிறவரைக் கொண்டு பின்னால் 'முருகன் துணை' என்று மஞ்சளில் எழுதி, இரண்டு பக்கமும் மயில் போட்டிருந்தான். என் நீலம் அதன் பக்கத்தில் தீட்டுக்கு ஒதுக்கி வைத்த துணி மாதிரி நின்றது. தேங்காய் உடைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணனுக்கு உட்கார முற்றத்தில் ஒரு கதிரை போட்டேன். படி ஏறமாட்டேன் என்பவனை ஏன் வற்புறுத்துவது.

சுவிஸ்காரர் மரியாதையான மனுஷர். சிவப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மயிலைப் பார்த்தார். இதற்கு யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டார். அண்ணன் பெருமையோடு, ஊரிலேயே பெரிய லொறிப் பெயின்டர் என்றான். அவர் என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

பிறகு நீலத்துக்கு வந்தார். நான் விடுவேனா? பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு குறையாகச் சொல்லத் தொடங்கினேன். இதற்கு ஒருநாளும் பெயின்ட் அடித்ததில்லை, துரை காலத்துப் பெயின்ட்தான், பாருங்கள் எப்படி வெளுத்திருக்கிறது என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். சீட்டும் அந்தக் காலத்துச் சீட்டுத்தான், எலி கடித்திருக்கிறது, மாற்றவே இல்லை என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கதவில் இருக்கிற நசுங்கல்கூடத் துரை தேயிலைச் செடிக்குள் கொண்டுபோய் விட்டபோது வந்தது, தட்டி எடுக்கச் சோம்பல் என்றேன். அவர் அந்த நசுங்கலைக் கையால் தடவிக் கொடுத்தார், குழந்தை கன்னத்தைத் தடவுகிற மாதிரி.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ தெரியேல்ல. ஒருத்தரும் கை வைக்காத இப்பிடி ஒரு கார் உலகத்திலயே கிடையாது. நீங்கள் இதைக் கடவுளைப் போலக் காப்பாத்தி வச்சிருக்கிறியள்."

ஐயையோ! புதிது போலிருக்கிற கார்தான் நல்லது என்று நான் நினைத்திருக்க, இவர்களுக்கு அழுக்குத்தான் ஆசையாம். பெயின்டைத் தடுத்தது யார்? சீட்டுத் தைக்க விடாதது யார்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். என் கணவர் மூக்கு விடைக்க நின்றுகொண்டிருந்தார், எல்லாப் புகழும் தனக்கே என்பது மாதிரி. அண்ணன் கதிரையில் உட்கார்ந்தபடி நிலத்தைப் பார்த்தான்.

இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் சுவிஸ்காரர். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. புறப்படுவதற்கு முன் அண்ணன் சிவப்பின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். இவர் சும்மா இருப்பாரா, நீலத்துக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கற்பூரம் அணைகிற வரைக்கும் சுவிஸ்காரர் கை கட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். அங்கே அவர்களுடைய ரேஸில் இதெல்லாம் இருக்காது போலும்.

நான் அவருடைய வாடகை வேனில் முதலே போய் ஏற்றத்தின் உச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டேன். முதலில் சுவிஸ்காரர் சிவப்பை ஓட்டி வந்தார், பக்கத்தில் அண்ணன். சத்தம் கீழே கேட்டது, அடுத்த நிமிஷம் கண் முன்னால் நின்றது. அண்ணனுடைய தலைமயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. திரும்பக் கீழே போய் நீலத்தைக் கொண்டு வந்தார், பக்கத்தில் என் கணவர், முழங்கால் சுகமாக. ஒரு பஸ் அவர்களை முந்தியது. பிறகு பள்ளிக்கூட வேன் ஒன்று. பிறகு ஒரு மரக்கறி லொறி, அதுவும் மூட்டையோடு. கடைசியாக நீலம் இருமிக்கொண்டு வந்து சேர்ந்தது. பெற்றோல் சரியில்லை என்றார் என் கணவர், யாரும் கேட்காமலேயே.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் உயிர் வந்தது. பிள்ளையார் என் பக்கம்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் சுவிஸ்காரர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சின்ன எஞ்சின் கார் பறக்கிறது, பெரிய எஞ்சின் கார் நடக்கிறது, இது எப்படி என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஒரு பாய் கேட்டார். முற்றத்தில் பாயை விரித்து, டோர்ச் லைட்டோடு முதலில் சிவப்புக்கு அடியில் போனார், பிறகு நீலத்துக்கு அடியில். பொனட்டுகளைத் திறந்து எஞ்சின்களில் அடித்திருந்த நம்பரைப் பார்த்தார். தன் போனில் எதையோ பார்த்தார். மறுபடி அடியில் போனார். வெளியே வந்தபோது அவர் முகம் சாவீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி இருந்தது.

சொன்னார். நீலக் காரின் எஞ்சின் சிவப்புக்குள் இருக்கிறது. சிவப்பின் எஞ்சின் நீலத்துக்குள் இருக்கிறது. போதாததற்கு, சிவப்புக்கு முன் சக்கரம் இரண்டும் அதனுடையது, பின் சக்கரம் இரண்டும் நீலத்தினுடையது. நீலத்துக்கும் அப்படியே, மாறி. இரண்டுமே இப்போது ஒரு முழுக் கார் இல்லை.

பிறகு என் கணவர் அண்ணனைப் பார்த்து, மச்சான், இந்த வேலையை எப்போது செய்தாய் என்று கேட்டார். அண்ணன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, செய்தது நீயா நானா, தீபாவளிக்கு என் காரை உன் கராஜில் விட்டுவிட்டு மேலே சாப்பிடப் போனது என் பிழை என்றான். என்னைத் திருடன் என்கிறாயா என்று இவர் ஒரு அடி முன்னால் வந்தார். அவனும் ஒரு அடி வந்தான். அறுபது தாண்டிய இரண்டு கிழங்கள், ஒருவரை ஒருவர் சட்டையில் பிடிக்கப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலால் பார்க்கிறார்கள். எனக்கு மானம் போனது. பிறகு திடீரென்று எனக்கு விளங்கியது. விளங்கியதும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணே, அம்மி யாருகிட்ட இருக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"என்கிட்ட. இப்ப அதுக்கு என்ன?"

"குழவி யாருகிட்ட இருக்கு?"

அவன் சொல்லத் தேவையில்லை. குழவி என்னிடம்தான் இருக்கிறது, மேலே, சமையலறை மூலையில், முப்பது வருஷமாகச் சும்மா. சுவிஸ்காரருக்கு விளங்கவில்லை, அவருக்காகச் சொன்னேன். எங்கள் அப்பாவுக்குப் பங்கு வைப்பது என்றால் ஒரு விதம்தான் தெரியும். எங்களுக்கு ஒரு பிஸ்கட்டைப் பிய்த்துக் கொடுக்கும்போது ஒரு பாதி பெரிதாகிவிட்டால், அதில் தான் ஒரு கடி கடித்துச் சமமாக்கித்தான் கையில் தருவார். சில நேரம் கடித்தது கூடிப்போகும், அப்போது மற்றப் பாதியிலும் கடிப்பார். எங்களுக்குத் தூள்தான் மிஞ்சும். அம்மா போன பிறகு வீட்டுச் சாமானைப் பிரிக்கும்போது அம்மியை மகனுக்கும் குழவியை மகளுக்கும் கொடுத்தார். ஒருவருக்கு முழுதாகக் கொடுத்தால் மற்றவர் மனசு நோகுமாம். நாங்கள் இரண்டு பேரும் கடையில் மிக்ஸி வாங்கினோம்.

"கல்யாணத்துக்கு முந்தின வாரம்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னான். "ரெண்டு காரையும் கராஜுக்குள்ள போட்டு, கதவப் பூட்டி, நம்ம லொறி மெக்கானிக்க வச்சி வேல செஞ்சாரு. என்னையும் உள்ள விடல. நான் சேர்விஸ்னு நெனச்சேன்."

என் கணவர் நீலத்தின் பொனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக அவர் சாமி என்று கும்பிட்ட எஞ்சின் சிவப்பினுடையது. பெற்றோலில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் நான் அவரைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தேன். அவன் சிவப்புக்குப் பக்கத்தில் போய், திறந்திருந்த பொனட்டுக்குள் கையை விட்டு, எஞ்சினில் உள்ளங்கையை வைத்தான். ஏற்றம் ஏறி வந்த சூடு இன்னும் ஆறியிருக்காது.

"நான் கேட்டது என்கிட்டதான் இருந்திருக்கு, தங்கச்சி."

சிரித்தானா அழுதானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. எனக்கும் அப்படித்தான். படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அப்பா மேல் கோபம், அப்பா மேல் ஆசை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்ற ஆத்திரம். நாலு வருஷமா ஐந்து வருஷமா, முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருவன் தகப்பனைத் தப்பாக நினைத்துக்கொண்டு தீபாவளிப் பலகாரம் தின்றிருக்கிறான்!

எங்களைக் கொஞ்ச நேரம் விட்டுவைத்துவிட்டு, சுவிஸ்காரர் தொண்டையைச் செருமினார். பாவம், அவ்வளவு தூரம் வந்தவர். இந்த நிலையில் ஒன்றை மட்டும் வாங்கி அவருக்குப் பிரயோசனம் இல்லை. இரண்டையும் கொடுத்தால் கொண்டுபோய் எஞ்சினை எஞ்சின் இடத்தில், சக்கரத்தைச் சக்கரத்தின் இடத்தில் வைத்து, துரைமார் காலத்தில் இருந்தபடியே ஆக்கிவிடலாம் என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் பொனட்டை மூடினார். விற்கிறதாக இல்லை என்று மூன்று பேருமே ஒவ்வொரு விதமாகச் சொன்னோம். சிவப்பு அண்ணன் போன பிறகு எங்கள் கராஜில் நீலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. பாயைச் சுருட்டி என் கையில் தந்தார். ஆனால் பழைய கார் சேர்க்கிறவர்களுடைய குணம் விடுமா? வேனில் ஏறப்போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறன். எஞ்சினும் வெளிக்கூடும் ஒழுங்காச் சேர்ந்திருந்தால், இந்த ரெண்டில ஒண்டு மற்றதை விட எத்தினையோ மடங்கு மேலான கார். எனக்கு அது வடிவாத் தெரியும். எதெண்டு சொல்லட்டோ?"

என் கணவர் கழுத்தை நீட்டினார். அண்ணன் எஞ்சினிலிருந்து கையை எடுத்து, சுவிஸ்காரரை மறிக்கிற மாதிரி நீட்டினான்.

"வேணாங்க. அப்பா சொல்லாமப் போனத நீங்க சொல்லாதீங்க."

சுவிஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினார். வேன் புறப்பட்டுப் போனது. அண்ணன் கையில் இருந்த ஒயிலைத் தான் உடுத்திருந்த வெள்ளைச் சாரத்திலேயே துடைத்தான், செருப்பைக் கீழே கழற்றி வைத்தான், என்னைத் தாண்டிப் படியேறி, இன்றைக்கு என்ன கறி என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.